என்ஜினுக்குத் தடைக்காலம் கிடையாது

ஏப்ரல் 15 வந்தால் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை விசைப்படகுகள் ஜூன் 14 வரை கரையிலேயே நிற்க வேண்டும். 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய தடை, 2017-இலிருந்து 61 நாள். மீன் முட்டையிட்டுப் பெருகும் பருவம் அது. கடலுக்கு அந்த அமைதி வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் சென்னைக் காசிமேட்டில் படகு வைத்திருப்பவர்கள் பலர், "இஞ்சினுக்கும் ரெண்டு மாசம் ரெஸ்ட்டு" என்று சந்தோஷமாகச் சொல்லும்போது எனக்குக் கவலை பிடித்துக்கொள்கிறது. உப்புக்காற்றில் சும்மா நிற்பதைப்போல டர்போ வைத்த டீசல் என்ஜினைக் கெடுப்பது வேறொன்றும் இல்லை. நான் பிரித்துப் பார்த்த என்ஜின்களில் ஓடித் தேய்ந்தவை குறைவு. நின்று கெட்டவையும், சரியான சுமையில்லாமல் வெறுமனே முணுமுணுத்துக் கெட்டவையுமே அதிகம்.

நான் வடசென்னைத் திருவொற்றியூர்க்காரன். இந்த ஊரில் மேற்கே பார்த்தால் தொழிற்சாலை, கிழக்கே பார்த்தால் குப்பம். எம்.ஆர்.எஃப். 1946-இல் பொம்மை பலூன் செய்யும் சின்னக் கொட்டகையாகப் பிறந்தது இங்கேதான். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை 1955-இல் வந்தது. விம்கோ தீப்பெட்டி ஆலையின் பெயர் ஒரு நகராகவும் ரயில் நிலையமாகவும் நிலைத்துவிட்டது. வடக்கே எண்ணூரில் அசோக் லேலண்ட். இந்த ஆலைகளில் ஃபிட்டராகவும் டர்னராகவும் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு தெருக்களில் லேத் போட்டார்கள். கிழக்கே, கட்டுமரத்தில் பாய் விரித்துப் போனவர்களின் பிள்ளைகள் லாஞ்ச் ஓட்டத் தொடங்கினார்கள். படகின் என்ஜின் அறை இந்த இரண்டு உலகமும் சந்திக்கிற இடம். அதனால்தான் படகு என்ஜின் பழுதுபார்க்கும் இந்த வேலை எனக்குப் பிழைப்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

எங்கள் கடலில் ஓடும் என்ஜின்களில் பெரும்பாலானவை சாலையில் பிறந்தவை. லாரிக்கு வார்த்த என்ஜினை எடுத்து, ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சரோ படகின் அடியில் ஓடும் குளிர்குழாயோ பொருத்தி, பின்னால் மரைன் கியர்பாக்ஸ் மாட்டினால் அது படகு என்ஜின். லேலண்ட் 370, 400 என்று எண்ணாலேயே பெயர் சொல்லி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அவற்றில் டர்போ கிடையாது; தானாக மூச்சு விட்டு ஓடுபவை. படகு பெரிதானது, வலை பெரிதானது, மீன் தூரம் போனது, டர்போ வந்தது. இன்று மாநில விதி விசைப்படகின் என்ஜினை 240 குதிரைத்திறனோடு நிறுத்துகிறது.

டர்போ என்பது ஒரே தண்டு, இரண்டு முனையிலும் இரண்டு சக்கரம். என்ஜின் கக்கும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டில் இருக்கும் மறுசக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, சிலிண்டருக்குள் தள்ளும். காற்று கூடினால் அதற்கேற்ப டீசலும் கூட்டலாம். அதே அளவு என்ஜின் கூடுதல் பலம் தரும். வீணாக வெளியே போகிற புகையிலிருந்து பலத்தை மீட்டெடுக்கும் இந்த யோசனைக்குச் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்றார். அதை நடைமுறைக்குக் கொண்டுவந்ததில் கடலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1920-களில் ஜெர்மனி கட்டிய இரண்டு பயணிகள் கப்பல்களில் 1,750 குதிரைத்திறன் தந்துகொண்டிருந்த என்ஜின் வகை, டர்போ வைத்ததும் 2,500 தந்தது. நம் ஊரில் டர்போ என்றால் லாரியும் காரும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. எனக்கு அது முதலில் கடலின் சொத்து.

ஒரு கணக்குச் சொல்கிறேன். 200 குதிரைத்திறன் என்ஜின் முழுச் சுமையில் ஓட, மணிக்கு ஏறக்குறைய 40 லிட்டர் டீசல் எரியும். அதை எரிக்க 700 கன மீட்டர் காற்று வேண்டும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள ஒரு அறையின் காற்று முழுவதையும் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை அந்தச் சிறு சக்கரம் விழுங்குகிறது. என்ஜின் அறைக் கதவைச் சாத்தி, காற்று வரும் வழியில் வலையும் தார்ப்பாயும் போட்டு மூடிவைத்தால் டர்போ எதை இழுக்கும்? தன் சூட்டையே திரும்ப இழுக்கும். புகை கறுக்கும். டிரைவர் உடனே, "நாசில் போச்சு மேஸ்திரி" என்பார். டீசல் பீச்சும் அந்த நாசிலைக் கழற்றுவதற்கு முன் நான் கதவைத் திறந்து வைக்கச் சொல்வேன். பல நேரம் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றை எட்டக்கூடியது. அது உலோகத்தின்மேல் உலோகமாக உட்கார்ந்திருக்கவில்லை. மயிரிழையைவிட மெல்லிய ஆயில் படலத்தில் மிதக்கிறது. ஒரு பக்கம் அறுநூறு டிகிரியைத் தாண்டும் புகை, மறுபக்கம் கடற்காற்று, நடுவில் அந்த ஆயில். டர்போவைப் பாதுகாப்பது என்றால் அந்தப் படலத்தைப் பாதுகாப்பதுதான். ஸ்டார்ட் செய்தவுடன் ரேஸ் பண்ணாதே, ஆயில் பிரஷர் முள் எழும்வரை பொறு என்று பையன்களுக்குச் சொல்வது இதற்காக. அணைப்பதற்கு முன்னும் அப்படியே. கடலிலிருந்து துறைமுக வாயில் தாண்டி மெதுவாக வந்து கட்டுகிற படகுக்கு அந்த மெதுவான வருகையே போதும், டர்போ ஆறிவிடும். விடியற்காலை ஏலத்துக்கு முந்தியடித்து, முழு வேகத்தில் உள்ளே வந்து, கயிறு கட்டிய கையோடு என்ஜினை அணைப்பவர்களிடம்தான் நான் சண்டை போடுகிறேன். என்ஜின் நின்றால் ஆயில் ஓட்டம் நின்றுவிடும். ஆனால் டர்போவின் சூடு நிற்காது. நின்ற ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் கரியாகும். அடுத்த முறை அந்தக் கரிதான் பேரிங்கை அறுக்கும். நாலைந்து நிமிடம் ஐடிலில் விட்டால் போதும்.

அந்த நாலைந்து நிமிடம் மருந்து. அதையே நாலைந்து மணி நேரமாக்கினால் நஞ்சு. வலை போட்டுவிட்டு இரவெல்லாம் விளக்குக்கும் பேட்டரிக்குமாக என்ஜினை ஐடிலில் விடும் பழக்கம் உண்டு. டீசல் என்ஜின் சூடாக இருந்தால்தான் டீசல் முழுதாக எரியும், பிஸ்டன் ரிங்கு சிலிண்டர் லைனரோடு ஒட்டி அழுத்தும். சுமையில்லாமல் ஓடும் என்ஜின் குளிர்ந்தே ஓடுகிறது. எரியாத டீசல் லைனர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். லைனரில் இருக்கும் நுண்ணிய குறுக்குக் கோடுகள் கண்ணாடிபோல வழுவழுத்துப் போகும். பிறகு ஆயில் நிற்காது, நீலப் புகை வரும். டர்போவின் புகைச் சக்கரத்தில் ஈரக் கரி தார் போல ஒட்டும். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள், டீசல் வாடை அடிக்கும். ஒரு சொட்டை நியூஸ் பேப்பரில் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். நடுவில் கறுப்பு, சுற்றிலும் அகலமாக எண்ணெய் வளையம் பரவினால் டீசல் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இதன் முழு வடிவத்தை நான் பார்த்தது விசைப்படகில் அல்ல, பாய்மர உல்லாசப் படகில். கொச்சி போல்காட்டி தீவில் உள்ள மெரினாவில் நின்ற தன் படகைப் பார்க்க ஒரு நண்பர் அழைத்துப் போனார். நான்கு சிலிண்டர், டர்போ. வெளியே துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி பளபளப்பு. மணிமீட்டரில் ஓட்டம் மிகக் குறைவு. எங்கள் ஊரில் இதைப் புது என்ஜின் என்பார்கள். டர்போவின் குழாயைக் கழற்றி விரலால் சக்கரத்தைச் சுற்றினேன், சுற்றவில்லை. காற்று இருக்கும்போது பாயில் போவார்கள். துறைமுகத்துக்குள் நுழையவும் நங்கூரத்தில் நிற்கும்போது பேட்டரி ஏற்றவும் மட்டும் என்ஜின். அது ஒரு நாளும் உழைத்துச் சூடானதே இல்லை. அந்த வகைப் படகில் புகையோடு கடல் தண்ணீரைக் கலந்து பின்பக்கம் வெளியேற்றுவார்கள். கலக்கும் இடத்தில் இருக்கும் முழங்கைக் குழாயில் உப்பும் கரியும் சேர்ந்து இறுகி, உள்ளே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. புகை போக வழியில்லாத என்ஜினுக்கு டர்போ எப்படிச் சுழலும்? அந்த முழங்கைக் குழாயை மாற்றி, சக்கரத்தைக் கரைப்பானில் ஊறவைத்துச் சுத்தம் செய்து, கட்டிப் போட்ட நிலையிலேயே கியரில் சுமை கொடுத்து ஓட்டியபோது முதலில் கறுப்பாகவும் பிறகு வெளிறியும் புகை வந்து, கடைசியில் தெளிந்தது. அந்த நண்பர் என்ஜினை ஓட்டாமல் காப்பாற்றி வைத்திருந்தார். அங்கே நின்றுகொண்டு நான் நினைத்தது காசிமேட்டைப் பற்றி. வருடத்தில் பத்து மாதம் உழைக்கும் நம் என்ஜின், மீதி இரண்டு மாதம் இந்த உல்லாசப் படகின் நோயோடு கிடக்கிறது.

ஆகவே ஏப்ரல் இரண்டாம் வாரம் எனக்கு வருடத்தின் முக்கியமான வாரம். ஆனால் வேலை வருவதோ ஜூன் முதல் வாரத்தில்தான். எல்லாப் படகும் ஒரே நேரத்தில், எல்லாருக்கும் நாளைக்கே வேண்டும். "இன்னா மேஸ்திரி, ரெண்டு மாசம் சும்மாதான நிக்கப்போவுது, இப்பப் புது ஆயில் ஊத்தி வேஸ்ட் பண்ணணுமா? கெளம்பறப்ப மாத்திக்கலாம்" என்பார்கள். பணக் கஷ்டத்தில் சொல்லும் சொல் அது, எனக்குப் புரிகிறது. ஆனால் கணக்கு நேர்மாறு. ஓடிய ஆயிலில் கரியும் ஈரமும் அமிலமும் இருக்கின்றன. அது இரண்டு மாதம் பேரிங்கின்மேல் உட்கார்ந்திருந்தால் அரிப்பது பேரிங்கை. கடைசியாகக் கரை சேர்ந்த அன்றே, என்ஜின் சூடாக இருக்கும்போதே, பழைய ஆயிலையும் ஃபில்டரையும் எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, பத்து நிமிடம் ஓட்டி, அந்தப் புது ஆயிலில் என்ஜினைத் தூங்கவிட வேண்டும். ஜூனில் அதே ஆயிலோடு கடலுக்குப் போகலாம். வேஸ்ட் எதுவும் இல்லை.

அடுத்தது உப்பு. கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. ஓடும்போது தண்ணீர் ஓடிக்கொண்டே இருப்பதால் பெரிய ஆபத்தில்லை. நின்றுவிட்டால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் செம்புக் குழாய்களுக்குள் அந்தத் தண்ணீர் தேங்கும், உள்ளே வந்த சிறு உயிர்கள் செத்து அழுகும், அழுகல் செம்பைத் தின்னும். டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் கடல் தண்ணீரால் குளிர வைக்கும் ஆஃப்டர்கூலர் இருக்கும் என்ஜினில் இது இன்னும் மோசம். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஓட்டை விழுந்தால் கூலன்ட் கெடும், அவ்வளவுதான். ஆஃப்டர்கூலரில் ஓட்டை விழுந்தால் உப்புத் தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் போகும். ஒரு ரூபாய் நாணயத்தில் பாதிகூட இல்லாத ஓட்டை, ஒரு என்ஜினையே காவு வாங்கும். அதனால் கடல் தண்ணீர் உறிஞ்சும் குழாயைக் கழற்றி, ஒரு டிரம் நல்ல தண்ணீரில் விட்டு, என்ஜினை ஓட்டி உப்பை வெளியேற்றுகிறேன். பிறகு வடிகால் திருகுகளைத் திறந்து முழுதாக வடிக்கிறேன். அரிப்பைத் தன்மேல் ஏற்றுக் கரைந்து மற்ற பாகங்களைக் காக்கும் ஜிங்க் கட்டைகளைக் கழற்றிப் பார்க்கிறேன். பாதி கரைந்திருந்தால் மாற்றியாக வேண்டும். கரையாமல் புதிதுபோல இருந்தால் யாரும் மகிழக் கூடாது. அதன் மின் இணைப்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது, கரைந்துகொண்டிருப்பது என்ஜினின் வேறு ஏதோ பாகம் என்று பொருள். கடல் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரையும் எடுத்து வைக்கிறேன். வளைந்த இதழ் இரண்டு மாதம் வளைந்தே இருந்தால் அப்படியே இறுகிவிடும்.

டீசல் டேங்கைக் காலியாக விட்டால் பகல் சூடும் இரவுக் குளிருமாக உள்சுவரில் நீர் பூக்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் பெருகி ஃபில்டரை அடைக்கும் கறுப்புக் கூழாகும். நிரப்பி வைக்கப் பணமில்லை என்றால் அடித் தண்ணீரையாவது வடித்துவிட வேண்டும். மேலே புகைக்குழாய் வாயில் ஒரு டின்னைக் கவிழ்த்துக் கட்ட வேண்டும். கோடை மழை ஒன்று போதும், தண்ணீர் குழாய் வழியாக டர்போவுக்கு இறங்கும். காற்று வாயையும் மூட வேண்டும். பெல்ட்டைத் தளர்த்த வேண்டும், பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் வேலை முடியவில்லை. வாரம் ஒருமுறை யாராவது என்ஜின் அறைக்குள் இறங்கி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் லீவரை இழுத்து வைத்துக்கொண்டு, கிராங்கைக் கையால் ஒன்றேகால் சுற்றுச் சுற்ற வேண்டும். முழுச் சுற்றில் நிறுத்தினால் பிஸ்டன் அதே இடத்துக்கே வந்து நிற்கும்; அதனால் அந்தக் கால் சுற்று. ரிங்கு நிற்கும் இடம் மாறினால் துரு ஒரே கோட்டில் ஏறாது. ஐந்து நிமிட வேலை. எனக்குப் பிடித்த வேலையும் இதுதான். காலை வேளையில் எல்லாப் படகும் சத்தமில்லாமல் நிற்க, இரும்புத் தடியை ஃபிளைவீலில் கொடுத்து அழுத்தும்போது ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்திப் பிடித்துப் பெருமூச்சு விடுவது கைக்குத் தெரியும். ஆறு சிலிண்டரில் எது இளைத்திருக்கிறது என்பதை எந்த மீட்டரும் அவ்வளவு நெருக்கமாகச் சொல்வதில்லை.

ஜூன் 14 அன்று என்ஜினை எழுப்புவதிலும் ஒரு முறை இருக்கிறது. டர்போவின் ஆயில் குழாயைக் கழற்றி, அதன் வாயில் கொஞ்சம் சுத்தமான ஆயிலை ஊற்றி, சக்கரத்தை விரலால் சுற்றிவிட வேண்டும். தண்டை மேலும் கீழுமாக ஆட்டிப் பார்த்தால் கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னுமாக இழுத்தால் அசைவு ஏறக்குறைய தெரியவே கூடாது; தெரிந்தால் அந்த டர்போவோடு கடலுக்குப் போகாதீர்கள். பிறகு ஸ்டாப் லீவரை இழுத்தபடியே ஸ்டார்ட்டரை அடித்து, ஆயில் பிரஷர் முள் எழுந்த பிறகே என்ஜினைப் பிடிக்கவிட வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு என்பதைச் சுனாமி காட்டியது. 26 டிசம்பர் 2004 அன்று காசிமேட்டில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூழ்கின. அந்த நாட்களில் எங்கள் தொழிலில் இருந்த எல்லாரும் ஒன்றைக் கண்ணால் பார்த்தோம். கடல் தண்ணீர் புகுந்த என்ஜினை உடனே எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, நாசில்களைக் கழற்றிவிட்டுச் சுற்றித் தண்ணீரைத் துப்ப வைத்து, சிலிண்டருக்குள் டீசலும் ஆயிலும் ஊற்றி வைத்தவர்களின் என்ஜின் பிழைத்தது. தண்ணீருக்கு அடியில் இருந்த என்ஜின் மேலே வந்து காற்றுப் பட்ட பிறகுதான் துரு ஓடத் தொடங்குகிறது. உப்பும் காற்றும் ஓய்வும் ஒன்றுசேரும் இடத்தில்தான் இரும்பு சாகும்.

ஓட்டுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புரொப்பல்லருக்கு வேண்டிய பலம், சுற்றின் கன மடங்கில் ஏறும். சுற்றில் நூற்றுக்குப் பத்தைக் குறைத்தால் பலத்தில் 27 குறையும். கரைக்கு அரை மணி நேரம் தாமதமாக வருவீர்கள். ஆனால் டீசலும் மிஞ்சும், டர்போவும் மிஞ்சும். அதற்காக எப்போதும் ஊர்ந்துகொண்டும் இருக்க வேண்டாம். இரவெல்லாம் ஐடிலில் நின்ற என்ஜினுக்கு மறுநாள் அரை மணி நேரமாவது முக்கால் சுமை கொடுங்கள். அந்தச் சூட்டில் கரி எரிந்து போகும்.

வடித்த பழைய ஆயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஜனவரி 2017-இல் எண்ணூருக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் திருவொற்றியூர்க் கரைக்கு வந்தபோது வாளியால் அள்ளினோம். டிசம்பர் 2023 வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் மறுபடியும் எண்ணெயில் கறுத்தது. வலையும் படகும் பாழாயின. அந்தக் கோபம் நமக்கு நியாயமாக இருக்க வேண்டுமானால், நம் படகின் அடித்தண்ணீரை ஆயிலோடு சேர்த்து இரவில் பம்ப் அடித்து வெளியே விடக் கூடாது. பழைய ஆயில் டிரம்மில் போய்ச் சேர வேண்டும். என்னோடு வேலை செய்யும் பையன்களுக்கு இது முதல் நாள் பாடம்.

மீன்வளத் துறைக்கும் படகு உரிமையாளர் சங்கங்களுக்கும் என் வேண்டுகோள் இரண்டு. காசிமேட்டிலும், திருவொற்றியூர் குப்பத்தில் எழுந்திருக்கும் சூரை மீன்பிடித் துறைமுகத்திலும், என்ஜின் கழுவ நன்னீர்க் குழாயும் பழைய ஆயில் சேர்க்கும் தொட்டியும் ஒவ்வொரு படகுத்துறைக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். லாரித் தண்ணீர் வாங்கிக் கழுவச் சொன்னால் பத்தில் ஒருவர்தான் கழுவுவார். படகு வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஆயிலுக்கும் ஃபில்டருக்குமான பணத்தை மார்ச் மாதமே தனியாக எடுத்து வையுங்கள். ஏப்ரல் 14 அன்று கரை சேர்ந்ததும், என்ஜின் ஆறுவதற்குள் மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.